அளவுக்கம்பியின் சாட்சியம்

சுவாமிமலைக்கு அருகே, காவிரிப் பாசனத்தில் எங்களுக்குச் சிறிதளவு நன்செய் உண்டு. அதை உழுவதற்கு நாங்கள் வைத்திருப்பது ஒரு பழைய சிறிய டிராக்டர். 1967இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூருவில் தொடங்கப்பெற்ற வி.எஸ்.டி. நிறுவனத்தின் தயாரிப்பு அது. பதினெட்டரைக் குதிரைத்திறனும் மூன்று சிலிண்டர்களும் கொண்டது. பெரிய வண்டிகள் புதைந்துபோகும் சேற்றிலும் சிறிய வயல்களிலும் எளிதாகத் திரும்பி வரும். அந்த வண்டியை முன்னிட்டு நான் இழைத்த ஒரு தவற்றையும், அதிலிருந்து பெற்ற படிப்பினையையும் வாசக சகோதர, சகோதரிகளின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2023 ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குறுவைக்கான சேற்றுழவு தொடங்கிற்று. வண்டியை ஓட்டுபவர் பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தோடு இருப்பவர். என் மறைந்த அத்தா அவரைத் தம் பிள்ளையைப் போல் நடத்தினார்கள்.

முதல் நாள் மாலை வேலை முடிந்து, வண்டி வாய்க்கால் கரையில் ஏறி நின்றது. எஞ்சினை நிறுத்தியவுடனேயே நான் ஆயில் பார்க்கும் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டிற்கும் கீழே இருந்தது. கால் லிட்டர் அளந்து கொடுத்து, “காலையில் ஊற்றிவிடுங்கள்” என்றேன். மறுநாள் மாலை வேறொரு வரப்போரம் பார்த்தேன். ஆயில் கோட்டைத் தொடவில்லை. மீண்டும் கால் லிட்டர் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை அவர் என்னிடம் வந்து, “பாய், களத்துல நிறுத்தி இப்பத்தான் கம்பியைப் பார்த்தேன். மேல்கோட்டையும் தாண்டி நிக்குது. இன்னும் ஊத்தணுமா?” என்று கேட்டார். நான் நம்பவில்லை. “நேற்று மாலை என் கண்ணால் பார்த்தேன். சொன்னதைச் செய்யுங்கள்” என்று கூறி, மூன்றாவது கால் லிட்டரையும் கொடுத்தேன்.

அன்று மாலையும் கம்பி கீழ்க்கோட்டின் அருகிலேயே நின்றது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. அப்படியாயின் ஊற்றக் கொடுத்த ஆயில் எங்கே போயிற்று? ஷைத்தான் என் உள்ளத்தில் ஒரு விடையைப் போட்டான். நான் அதை நாவாலும் சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறாமல் சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் நானே வண்டியை எடுத்தேன். புகைபோக்கியில் நீலப்புகை கிளம்பிற்று. ஆயில் சீல் ஓரத்தில் ஈரம் கசிந்தது. கும்பகோணத்திலிருந்து வந்த முதிய மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. வண்டியைச் சிமெண்ட் களத்தின் சமதளத்திற்குக் கொண்டுவந்து, பின்னாலிருந்த கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, “தேநீர் குடித்துவிட்டு வருவோம்” என்றார். கால் மணி நேரம் கழித்து கம்பியை உருவினார். பழந்துணியால் சுத்தமாகத் துடைத்தார். அடிவரை செருகி மீண்டும் உருவி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். ஆயில் மேல்கோட்டைக் கடந்து வெகுவாக ஏறியிருந்தது. நான் கொடுத்த முக்கால் லிட்டரும் எஞ்சினுக்குள்ளேயே இருந்தது!

காரணத்தை அவர் எளிமையாக விளக்கினார். எஞ்சின் ஓடும்போது ஆயில் மேலே ஏறி, துவாரங்களிலும் சுவர்களிலும் பரவி நிற்கும். நிறுத்திய பிறகு அது சிறிது சிறிதாகத்தான் கீழே வடியும். உடனே பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். அதோடு கரைச்சரிவில் வண்டி சாய்ந்து நின்றால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். கம்பி இருக்கும் பக்கம் உயர்ந்திருந்தால் கணக்கு மேலும் குறையும். அளவு மிகுந்தாலோ, சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உராய்வைத் தடுக்காது, சீல்கள் கசியும். டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடவும் நேரலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் செய்தார். ஊற்றாமலேயே ஆயில் மட்டம் உயர்ந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. டீசல் வாடை வீசி ஆயில் நீர்த்திருந்தால் டீசல் கலந்திருக்கிறது. பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அத்தகைய ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது. ஹைட்ராலிக் ஆயிலையும் லிஃப்டை இறக்கிய பிறகே பார்க்க வேண்டும். தூக்கியிருந்தால் ஆயிலில் ஒரு பங்கு மேலே சிலிண்டரில் நின்றுவிடும்.

பழைய வண்டிகளில் அளவுக்கம்பியே மாற்றப்பட்டிருப்பதும் உண்டு. எனவே அன்று ஆயில் முழுவதையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, கையேட்டில் கண்ட அளவை அளந்து ஊற்றினோம். சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, காத்திருந்து பார்த்தோம். ஆயில் மேல்கோட்டில் சரியாக நின்றது. கோடு மாறுபட்டிருந்தால் அரத்தால் புதுக்கோடு கீற வேண்டும் என்றார் அவர். எங்கள் கம்பி பொய் சொல்லவில்லை. நிறுத்திய இடமும் என் அவசரமுமே பொய் சொல்லின.

எங்கள் ஊர்ச் சிற்பிகள், வார்க்கவிருக்கும் சிலையின் உயரத்திற்குத் தென்னையோலைக் கீற்றை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்குகளாக்கி, அந்த ஓலையால்தான் மெழுகு உருவத்தை அளக்கிறார்கள். ஓலையின் மடிப்புப் பிசகினால் சிலை முழுவதும் பிசகும். இதைச் சிறு வயது முதல் கண்டு வளர்ந்த நான், ஒரு மனிதரின் நாணயத்தை அளக்கும்போது மட்டும் என் அளவு சரிதானா என்று பார்க்கத் தவறினேன்.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கிறது. 49ஆம் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் சந்தேகங்களிலிருந்து விலகியிருக்கப் பணிக்கிறது. இரண்டையும் பலமுறை ஓதியிருக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் என் மீது வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை.

அன்று மஃரிப் தொழுகை முடிந்ததும் ஓட்டுநரின் வீட்டிற்குச் சென்றேன். அவருடைய மனைவி, மக்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தவர், “காலையிலதான் பார்க்கணும் பாய். பெரியவங்க இருந்தப்போ காலையிலதான் பார்ப்பாங்க” என்றார். அத்தாவின் வழக்கத்தை அவர் காத்திருந்தார். மகனான நான் மறந்திருந்தேன்.

இப்போது ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின், எஞ்சினை இயக்கும் முன்னர், களத்தின் சமதளத்தில் இருவரும் சேர்ந்தே கம்பியைப் பார்க்கிறோம். பொருளையும் மனிதரையும் நீதியோடு அளக்கும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.