புலிநகமும் மயிற்பீலியும்

பொன்னிலே கட்டிய புலிநகம் கழுத்தில் தொங்கினால் குழந்தையைப் பேயும் பிணியும் அணுகா என்பது நம் பாட்டிமாரின் நம்பிக்கை. இது நேற்றுத் தோன்றியதன்று. புலிப்பல் தாலி அணிந்த புதல்வரைக் குறுந்தொகையிலேயே காண்கிறோம். காடு வீட்டு வாசல் வரையில் வந்திருந்த காலம் அது. அஞ்சத்தக்க விலங்கின் ஆற்றலையே தன் மகவுக்குக் காவலாக்கிய தாயுள்ளத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம்.

ஆனால், சென்ற ஆண்டு நண்பரொருவர் தம் பேரனுக்குப் புலிநகம் எங்கே கிடைக்கும் என்று நம்மை வினவியபோது திடுக்கிட்டோம். இன்று காவல் வேண்டுவது குழந்தைக்கா, புலிக்கா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுத்தும், தோலுக்கும் நகத்துக்கும் ஆசைப்பட்டோர் கொன்றவை பல. 2006-இல் நாடு முழுவதும் எஞ்சியிருந்த புலிகள் 1,411 என்று மதிப்பிட்டார்கள். பெருமுயற்சிக்குப் பின்னரே 2022-இல் அத்தொகை 3,682 ஆயிற்று.

மயிற்பீலியைப் பாருங்கள்! மழைக்காலம் கழிந்ததும் ஆண்மயில் ஆண்டுதோறும் தோகையைத் தானே உதிர்க்கிறது. அதனைப் பொறுக்கிக் காவடியில் கட்டுகிறோம். தர்காவிலே அதனால் வருடி ஆசி கூறுகிறார்கள். உயிர் தானே உதிர்த்தது அருட்சின்னம். உயிரைக் கொன்று பறித்தது கொள்ளைப் பொருளேயன்றோ?

நண்பருக்கு நாம் கூறியது இதுவே: "பேரனுக்குப் புலியின் வீரம் வேண்டுமானால், அது காட்டில் உயிரோடு உலாவுகிறது என்று கதை சொல்லுங்கள். அக்கதை மெய்யாக இருக்கும் வரையில் அதுவே அவனுக்குத் தாயத்து."