சமைக்காத உணவும் சர்க்கரையும்: என் அனுபவம்

சென்ற வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, நீங்க கொஞ்ச நாள் எல்லாத்தையும் பச்சையாவே சாப்பிட்டியளே, சுகர் குறைஞ்சுதா? எங்க வீட்டம்மாவையும் அதுல போடலாமான்னு பாக்கேன்" என்று கேட்டார். குறைந்தது என்று சொன்னால் அது உண்மை. ஆனால் பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்லி ஒரு முறை பட்டாகிவிட்டது. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை வந்தது 52 வயதில். அஞ்சலகத்தில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை, மணிக்கொரு காப்பி, இரவு பத்து மணிக்குச் சாப்பாடு. வராமல் இருந்தால்தான் அதிசயம். 2010-இல் ஓய்வு பெற்றபோது காலையும் இரவும் மெட்பார்மின், அதோடு கிளிமிபிரைடு என்று மாத்திரை டப்பா நிறைந்திருந்தது. 2018 தொடக்கத்தில் எடுத்த மூன்று மாதச் சராசரி 8.6. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இன்சுலினுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க" என்றார்.

அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் மலையடிவாரத்தில் நடந்த ஓர் இயற்கை உணவு முகாமுக்குப் போனேன். மூன்று நாள் அடுப்பே இல்லாத சாப்பாடு. ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டிய பாசிப்பயறு, தேங்காய், வெள்ளரி, காரட், கொய்யா. உடம்பு லேசானது போல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் "இனிமேல் எனக்குச் சமைக்க வேண்டாம்" என்று மனைவியிடம் அறிவித்தேன். நாற்பது வருடமாக இட்லிக்கு மாவாட்டிய கை அவளுடையது. "ஏங்க, எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள். "இனி எப்பவுமே" என்றேன்.

நம்ம ஊரில் இது லேசான காரியம் இல்லை. உறவில் ஒரு கல்யாணம். மறுநாள் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலில் கொதிக்கும் சொதியின் வாசனை பந்தி முழுக்க. நான் மட்டும் டப்பாவில் கொண்டுபோன வெள்ளரித் துண்டுகளைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் இஞ்சிப் பச்சடியை வழித்தபடி என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கோ உள்ளூரப் பெருமை. வைராக்கியம் என்றால் இதுவல்லவா!

அவலிலும் இப்படித்தான். அவல் ஊறவைத்துச் சாப்பிடலாம் என்று முகாமில் சொன்னார்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத்தான் அவல் ஆகிறது. அதுவும் அடுப்பைப் பார்த்த பண்டம்தான் என்று அதையும் ஒதுக்கினேன். பால் காய்ச்சியது என்பதால் பாலும் போயிற்று, மோரும் போயிற்று.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தேன். 8.6 இருந்தது 6.9 ஆகியிருந்தது. எடையும் ஏழு கிலோ இறங்கியிருந்தது. அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் காட்டினேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நடையில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. என்னைவிட நான்கு வயது சின்னவர், மனைவியை இழந்தவர், ஓட்டல் சாப்பாடு. அவருக்கும் சர்க்கரை. "அப்ப மாத்திரை?" என்று அவர் கேட்டார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். "சாப்பாடே மருந்து ஆனபிறகு மாத்திரை எதுக்கு?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று காலையிலும் வீட்டில் இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுத்தான் நான் கிளம்பியிருந்தேன்.

அதே மாத்திரைதான் என்னையும் கவிழ்த்தது. உணவை மாற்றியதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. திட்டுவார் என்ற பயம். கூடவே, சொல்லாமலே ஜெயித்துக் காட்டலாம் என்ற அசட்டு வீம்பு. மாத்திரை பழைய அளவு, சாப்பாடோ பழைய அளவில் கால்வாசி. விடியற்காலையில் வேர்த்து விழிப்பேன். பதினொரு மணிக்குக் கை நடுங்கும். "உடம்பிலிருந்து கழிவு வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று முகாமில் சொன்னதை நம்பிப் பொறுத்துக்கொண்டேன்.

நாலாவது மாதம் ஒருநாள் வங்கிக்குப் போயிருந்தேன். காலையில் மாத்திரையும் ஒரு வெள்ளரிக்காயும்தான். வரிசையில் நிற்கும்போதே கால் தள்ளாடியது. சட்டை நனைந்துவிட்டது. பணம் எடுக்கும் சீட்டை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், கையெழுத்து ஒத்துப்போகலையே" என்றாள். ஆயிரக்கணக்கான சேமிப்புக் கணக்குகளின் கையெழுத்தைச் சரிபார்த்தவன் நான். "ஒத்துப்போகவில்லை" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! இப்போது என் பெயரை எனக்கே எழுத வரவில்லை. இரண்டாவது தாளில் போட்டேன். அது வெறும் கோழிக் கிறுக்கல். மூன்றாவது தாளைக் கேட்டு அந்தப் பெண்ணை நான் அதட்டினேனாம். எனக்கு நினைவில்லை.

அங்கிருந்த காவலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரையாம். என்னை உட்காரவைத்து, பக்கத்துக் கடையிலிருந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிவந்து குடிக்கவைத்தார். கால்மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. பிறகு டாக்டரிடம் போனபோது அங்கே சோதித்ததில் 74. "இது டீ குடிச்ச பிறகு. குடிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க" என்றார். 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று கணக்கு.

எல்லாவற்றையும் அன்றுதான் கொட்டினேன். அவர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். மெட்பார்மின் முக்கியமாகக் கல்லீரல் ரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைப்பது. அதை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தாழ்சர்க்கரை அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். "நீங்க நாலு இட்லி சாப்பிட்டியளா, ஒரு வெள்ளரிக்கா சாப்பிட்டியளான்னு அந்த மாத்திரைக்குத் தெரியாது சார். அது பாட்டுக்கு அதோட வேலையைச் செய்யும்." இரவு கிளிமிபிரைடை நிறுத்தினார், காலையில் பாதியாக்கினார். சில வாரங்களில் அதுவும் நின்றது. அதாவது, உணவு மாற்றம் உண்மையிலேயே பலன் தந்திருந்தது. அதை அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் வங்கியில் அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

நடுக்கம் நின்றது. களைப்பு மட்டும் நிற்கவில்லை. சர்க்கரை 110, 120 என்று அழகாக இருக்கும். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க மனம் வராது. பாதம் பஞ்சின் மேல் வைத்தது போல் மதமதப்பு. பேத்தியின் பெயர் சட்டென்று வாயில் வராமல் ஒருநாள் தடுமாறினேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி போனபோது பி12 பார்க்கச் சொன்னார். 148 வந்தது. 200-க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள்.

பி12 செடிகொடி உணவுகளில் இல்லை. மாமிசம், மீன், முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. நான் பிறவியிலேயே சைவம். பாலும் மோரும்தான் எனக்கு இருந்த ஒரே வழி, அதையும் அடைத்துவிட்டேன். இன்னொன்றும் டாக்டர் சொன்னார். மெட்பார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 உடம்பில் சேருவது குறையும். எனக்கு அது பதினாறு வருடம். "இந்தக் குறைச்சல் நாலஞ்சு மாசத்துல வந்ததில்ல, வருஷக்கணக்கா இறங்கியிருக்கு. பாலை நிறுத்தினது கடைசித் தள்ளு" என்றார். ஊசி போட்டார்கள். ஒன்றரை மாதத்தில் படியேறுவது சுலபமானது. பாதத்தின் மதமதப்பு போக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இனி கூட்டாளியின் கதை. நான் உடம்பு சரியில்லாமல் மைதானத்துக்குப் போகாத அந்த நாட்களில் அவரும் வரவில்லை. காலில் புண் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதுச் செருப்பு கடித்த புண். வலியே தெரியாததால் கவனிக்கவில்லை. சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. வலது காலின் சுண்டுவிரலை எடுத்திருந்தார்கள்.

நான் மைதானத்தில் சொன்னதைக் கேட்டு அவர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். சமைக்காத உணவு என்றால் பழம்தானே என்று காலையில் பதநீர், மத்தியானம் மாம்பழம், ராத்திரி நாலு வாழைப்பழம், ஒரு கை பேரீச்சை. பழத்திலும் சர்க்கரை உண்டு என்பதை நான் சொல்லவே இல்லை. என்னுடைய தட்டில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. என்னுடைய மாத்திரை டப்பாவும் தெரியாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "நான் மாத்திரையை விடவே இல்லை. அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்." அவர் கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு இந்த ஏழு வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

1929-இல் காந்தியடிகள் சமைக்காத உணவுச் சோதனை செய்தார். அதை 'யங் இந்தியா' பத்திரிகையில் எழுதினார். பிறகு வயிற்றுக்கடுப்பு வந்து சோதனையைக் கைவிட வேண்டியிருந்தது. அதையும் அதே பத்திரிகையில் எழுதினார். இதைப் பின்னால் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் 6.9 சீட்டை ஊரெல்லாம் காட்டினேன். 148 சீட்டை பீரோவுக்குள் வைத்தேன்.

இப்போது என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பீர்கள். பச்சையை முழுக்க விடவில்லை. காலையில் ஒரு கொய்யாவும் ஊறவைத்த நிலக்கடலையும். முளைப்பயறை ஆவியில் ஐந்து நிமிடம் காட்டிவிடுகிறோம். முளை வரும் ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் வளரும் என்பது டாக்டர் சொன்ன காரணம். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய கிருமியால் ஐம்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வயதானவர்கள் கவனமாக இருப்பது நல்லது. மத்தியானம் ஒரு கப் சோறு, கீரை, பருப்பு, மோர். இரவு காய்கறிக் கலவையும் ஒரு தோசையும். வீட்டிலேயே சோதித்துப் பார்த்ததில், இரவு வாழைப்பழமும் பேரீச்சையும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் 240. கொய்யாவும் கடலையும் என்றால் 150. இது என் உடம்பின் கணக்கு. உங்கள் உடம்புக்கு நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் உண்டு. முன்பு கோவில்பட்டி கடலைமிட்டாய் வைத்திருந்தேன். கடலையில் உள்ள கொழுப்பு இனிப்பை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேர்க்கும், அவசரத்துக்கு அது ஆகாது. நடுக்கமும் வேர்வையும் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால்மணி நேரம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு.

மனைவி பற்றி ஒன்று. மோர் ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்த முதல் நாள்தான் அவள் சொன்னாள், அந்த ஐந்து மாதமும் பாதி நாள் பழைய சோறுதான் சாப்பிட்டாளாம். "ஒருத்திக்காக உலை வைக்க மனசு வரல." எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

போனில் கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான். வீட்டம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போய், "சாப்பாட்டை இப்படி மாற்றப்போகிறோம்" என்று சொல்லுங்கள். பி12-ஐயும் பார்த்துவிடுங்கள். எதை ஆரம்பித்தாலும் அதற்குப் பிறகு ஆரம்பியுங்கள். முக்கியமாக, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

நாளைக் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பேன். கூட்டாளியும் வருவார். இப்போது அவர் நடை கொஞ்சம் மெதுவு. என் நடையும் அதே வேகம்தான்.