தளம் போடும் நாள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள். செங்கல்லைக் கையில் எடுத்துக் கட்டுகிறவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் தந்தையார் கொத்தனார். தாயார் அதே இடத்தில் சித்தாள். ஒரு வீடு கட்ட எவ்வளவு காலம் ஆகும் என்று வகுப்பு நண்பர் ஒருவர் கேட்டபோது, யாருடைய வீடு என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும் என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

கட்டட வேலையோடு இரவுக் காவலையும் அப்பாவே ஏற்றுக்கொள்வதால் எங்கள் குடித்தனம் வேலை நடக்கும் இடத்திலேயேதான். மூன்றாம் வகுப்பு மந்தைவெளியில், ஐந்தாம் வகுப்பு தியாகராய நகரில், எட்டாம் வகுப்பு அடையாறு காந்தி நகரில் என்று என் படிப்பை வைத்தே அந்தக் கட்டடங்களை நினைவு வைத்திருக்கிறேன். முதலில் தகரக் கொட்டகை. முதல் தளம் போட்டு முட்டுகளைப் பிரித்ததும் பாய், பாத்திரங்களோடு உள்ளே போவோம். டைல்ஸ் பதிக்க ஆள் வந்தால் வெளியேறுவோம். கோடிக்கணக்கில் விலை போகும் வீடுகளில் முதற்குடித்தனம் எங்களுடையது. கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சுவதற்கு ஓராண்டு முன்பே அங்கே எங்கள் வீட்டுச் சோறு பொங்கியிருக்கும்.

தியாகராய நகரில் அடித்தளத்துக்குத் தோண்டியபோது கரிய களிமண் வந்தது. “இது ஏரி மண்ணுடா” என்றார் அப்பா. அவர் எந்த நூலையும் படித்துச் சொல்லவில்லை. 1920-களில் மாம்பலம் பக்கத்து நெடிய ஏரியைத் தூர்த்து அந்த நகரை உண்டாக்கினார்கள் என்பதைப் பின்னர் நான் நூலகத்தில் படித்தேன். நூறு ஆண்டுகளில் அங்கே ஏரி போய்த் தோட்டத்து வீடுகள் வந்தன. அவை போய் அடுக்ககங்கள் வந்தன. இன்று அந்த அடுக்ககங்களையும் இடித்து இன்னும் உயரமாகக் கட்டுகிறார்கள். அப்பாவுக்கு வேலை கிடைப்பது அதனால்தான்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சிமெண்டு ‘காய்ந்து’ இறுகுவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அது காய்வதால் இறுகுவதில்லை. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீரோடு வினைபுரிவதால் இறுகுகிறது. சாதாரண சிமெண்டு நீர் பட்டு 30 நிமிடங்களுக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது தர விதி. பிறகும் வினை தொடர்வதால்தான் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோம். தூண்களுக்கு ஈரச் சாக்குச் சுற்றுகிறோம். அதன் வலிமையைச் சோதித்துக் கணக்கிடுவது 28-ஆம் நாளில். இந்த 28 நாள் அடையாற்றுக்கும் ஒன்றுதான், எங்கள் ஊருக்கும் ஒன்றுதான்.

அப்பா வேலை செய்த மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள் ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டாண்டுக்குள் முடிந்தவை. குறித்த நாளில் வீட்டை ஒப்படைக்காவிட்டால், வாங்கியவர் வட்டி கேட்க 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் வழி இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் கட்டுகிறவரும் குடியேறப்போகிறவரும் ஒருவரே என்றால் யார் யாரிடம் வட்டி கேட்பது?

செஞ்சிக்கு அருகில் எங்கள் ஊரில் அப்பா தமக்கென ஒரு வீடு கட்டுகிறார். 420 சதுர அடி. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கடைக்கால் போட்டார். பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகும்போது சுவர் இரண்டடி, மூன்றடி உயரும். நான் பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டில் சன்னல்மட்டம் தாண்டியது. இப்போது தளமட்டத்தில் நிற்கிறது. நின்று மூன்றாண்டு ஆகிறது. மழைநீர் உள்ளேயே விழுகிறது. கூடத்தில் ஒரு பப்பாளி முளைத்துக் காய்த்தும் விட்டது.

வெளியூர்ச் சாலைகளில் பேருந்தில் போகும்போது இப்படித் தலையில்லாமல் நிற்கும் வீடுகளை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். சுவரைத் தவணையில் கட்டலாம். நூறு செங்கல் வாங்கக் காசிருந்தால் நூறு செங்கல் கட்டலாம், செங்கல் கெட்டுப்போகாது. தளத்தைத் தவணையில் போட முடியாது. கம்பி, சென்ட்ரிங், ஜல்லி, மணல், ஆள் எல்லாம் ஒரே நாளில் கூட வேண்டும். காலையில் தொடங்கினால் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். சிமெண்டைச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்க்கவும் வழியில்லை. காற்றின் ஈரத்தை இழுத்து மூன்று மாதத்தில் வலிமை குறைந்துவிடும். ஏழையின் சேமிப்புக்கு ஒத்துவராத பொருள் அது!

என் மாமா மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவர் பன்னிரண்டாம் வகுப்போடு சென்ட்ரிங் வேலைக்குப் போனார். அவர்கள் வீட்டுக்குச் சென்ற ஆண்டு தளம் போட்டாயிற்று. நானும் போயிருந்தால் எங்கள் வீட்டுக்கும் போட்டிருக்கலாம். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானே ஒருமுறை சொன்னேன். அம்மா பதில் சொல்லாமல் சோற்றைப் பரிமாறினார். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயைத் தளத்துக்கு எடுத்துவைக்கலாம் என்றபோது மட்டும் அப்பா கோபித்துக்கொண்டார்: “அது புத்தகத்துக்கு.”

போன மாதம் 420 சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளத்தைத் தாளில் கணக்கிட்டேன். 175 கன அடி, ஏறத்தாழ 40 மூட்டை சிமெண்டு. அப்பாவிடம் காட்டினேன். தாளைப் பார்க்காமலே “நாற்பது” என்றார். பிறகு தாளை வாங்கி, என் கூட்டலை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தை பிறந்ததும் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். எந்தத் தை என்று நான் கேட்கவில்லை.