இடது கைக்கு எட்டும் கமாண்ட்கள்

ஆட்டோகேடில் நாள் முழுக்க டிராயிங் போடுகிறவரின் வலது கை மவுஸை விடாது. கமாண்ட் கொடுப்பது முழுக்க இடது கையின் பொறுப்பு. எல் தட்டினால் லைன், இ தட்டினால் எரேஸ், டிஆர் தட்டினால் டிரிம். எழுத்தைத் தட்டியதும் கட்டைவிரல் ஸ்பேஸ்பாரை அழுத்தும். இங்கே அதுவும் என்டர்தான். அதையே வெறுமனே இன்னொரு முறை அழுத்தினால் கடைசியாகக் கொடுத்த கமாண்ட் திரும்ப வரும். இப்படிப் பழகிய கை ஐகானைத் தேடாது. அதில் மிச்சமாகும் நேரம் சின்ன லாபம்தான். பீமுக்குள் ஓடும் கம்பியை விட்டுக் கண் நகராமல் இருப்பதுதான் பெரிய லாபம். ரிப்பனுக்குப் போய்த் திரும்பிய கண் விட்ட இடத்தை மறுபடி தேட வேண்டும். தப்பான கோட்டை டிரிம் செய்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இந்தச் சுருக்கங்கள் எல்லாம் ஏகேட் டாட் பிஜிபி என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன. நோட்பேடில் திறந்து படிக்கலாம். முதலில் சுருக்கம், பிறகு ஒரு கமா, நட்சத்திரக் குறி, அதை ஒட்டியபடி கமாண்டின் முழுப்பெயர்: ஒரு வரி அவ்வளவுதான். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை மென்பொருள் கண்டுகொள்ளாது. அது நாம் எழுதிக்கொள்ளும் குறிப்பு. ஃபைலின் அடியில் நம் சொந்தச் சுருக்கங்களுக்கென்றே ஒரு பகுதி விட்டிருக்கிறார்கள். ஒரே சுருக்கம் இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் வருவதுதான் செல்லும். அதனால் மேலே இருக்கும் வரிகளில் கை வைக்கவே வேண்டாம். அடியில் எழுதி சேவ் செய்து, ரீஇனிட் என்று தட்டி, வரும் பெட்டியில் பிஜிபி ஃபைலுக்கு டிக் போட்டால் போதும். ஆட்டோகேடை மூடித் திறக்காமலே மாற்றம் வந்துவிடும்.

ஏன் மாற்ற வேண்டும்? கூடவே வரும் ஒதுக்கீடு ஆங்கிலப் பெயரின் எழுத்தைப் பார்த்துச் செய்தது, கையைப் பார்த்துச் செய்ததில்லை. சி தட்டினால் சர்க்கிள், காப்பிக்கு சிஓ. கட்டட டிராயிங்கில் வட்டம் எப்போதாவது வரும். கம்பியின் வெட்டுமுகத்தில்கூட முதல் வட்டத்தைப் போட்டபின் மீதியெல்லாம் காப்பிதான். அதனால்தான் பல ஆபீஸ்களில் காப்பிக்கு சி, சர்க்கிளுக்கு சிசி என்று மாற்றி வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான். ஆஃப்செட்டின் ஓ-வும் மூவின் எம்மும் கீபோர்டின் வலப்பக்கம் இருக்கின்றன. இடது கைக்குக் கீழேயே இருக்கும் ஏ ஆர்க்குக்கும், வி வியூவுக்கும், ஆர் ரீட்ராவுக்கும் போயிருக்கின்றன. எனக்கு அந்த மூன்றும் அபூர்வம். ஆகவே ஆஃப்செட்டுக்கு ஏ, மூவுக்கு வி, ரொடேட்டுக்கு ஆர் என்று எழுதிக்கொண்டேன். ஒரு கமாண்டுக்கு எத்தனை சுருக்கம் வேண்டுமானாலும் இருக்கலாம். பழைய ஓ-வும் எம்மும் அப்படியே வேலை செய்யும் என்பதால், என் மெஷினில் வந்து உட்காரும் ஜூனியரும் திண்டாட மாட்டார்.

வேகத்தைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. சி-க்குப் பக்கத்து விசை எக்ஸ். எக்ஸ் என்றால் எக்ஸ்ப்ளோட். டைட்டில் பிளாக்கை முதலில் கிளிக் செய்துவிட்டு, காப்பி செய்யப் போய் விரல் ஒரு விசை நழுவினால் ஆட்டோகேட் எதையும் கேட்காது. ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பொருள் இருப்பதால் அந்த நொடியே உடைத்துவிடும். அட்ரிபியூட்டாக நிரப்பியிருந்த டிராயிங் நம்பர், தேதி, ரிவிஷன் எல்லாம் போய், அந்தந்த இடத்தில் டேக் பெயர்கள் நிற்கும். உடனே கண்ணில் பட்டால் யு தட்டி மீட்கலாம். பிரின்ட் வெளியே போனபின் பட்டால் பாடுதான். எக்ஸ்ப்ளோடை எக்ஸ்எக்ஸ் ஆக்கி, ஒற்றை எக்ஸைத் தூரம் அளக்கும் டிஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். தவறி அழுத்தினாலும் டிராயிங்கில் எதுவும் மாறாது. அடிக்கடி வரும் கமாண்டுக்கு ஒரே தட்டு, ஆபத்தான கமாண்டுக்கு இரண்டு தட்டு என்பதே நான் வைத்திருக்கும் விதி.

பிஜிபி வரியால் முடியாததும் உண்டு. ஜூமோடு எக்ஸ்டென்ட்ஸையும் சேர்த்து ஒரே சுருக்கத்தில் கேட்க முடியாது. அதற்கு ஆட்டோகேடுக்குள் ஓடும் சின்ன லிஸ்ப் நிரல் எழுத வேண்டும், அல்லது சியுஐ பெட்டியில் மேக்ரோ போட்டு கன்ட்ரோல் கூட்டணி விசை ஒன்றைக் கொடுக்க வேண்டும். அந்த மேக்ரோக்களைத் திறந்தால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கன்ட்ரோல் சி-க்கான குறி இரண்டு முறை நிற்கும். காப்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாஸில் ஓடிய பழைய ஆட்டோகேடில் நடக்கும் கமாண்டை நிறுத்த கன்ட்ரோல் சி-தான் அழுத்துவார்கள். அந்த வேலை எஸ்கேப்புக்குப் போன பிறகும் மேக்ரோவில் குறி மாறவில்லை. லிஸ்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. அதில் எழுதிய பெயரும் பிஜிபி சுருக்கமும் ஒன்றாக இருந்தால் லிஸ்ப்தான் ஜெயிக்கும். ஃபைலில் வரி சரியாக இருந்தும் வேறு ஏதோ ஓடுகிறது என்றால், யாரோ ஏற்றி வைத்த லிஸ்ப்பைத் தேடுங்கள்.

மீட்பது தனிக் கதை. “ஷார்ட்கட் எல்லாம் போயிடுச்சு” என்று கூப்பிடுகிறவர்களில் பலருக்குப் போனது ஷார்ட்கட்டே அல்ல. கமாண்ட் லைன் காணோமா, கன்ட்ரோல் 9 அழுத்தினால் வரும். ஓப்பன் கொடுத்தால் பெட்டி திறக்காமல் கீழே ஃபைல் பெயரைக் கேட்கிறதா, பாதியில் நின்ற ஏதோ ஒரு லிஸ்ப் ஃபைல்டயா என்ற செட்டிங்கை 0 ஆக்கிவிட்டுப் போயிருக்கும், 1 ஆக்குங்கள். தேர்ந்தெடுத்த பொருளை டிலீட் விசை அழிக்கவில்லையா, பிக்ஃபர்ஸ்ட்டைப் பாருங்கள். அதுவும் 1 ஆக இருக்க வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் முதலாவது விட்டுப்போகிறதா, பிக்ஆட் 2 ஆக வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல், ஸ்டார்ட் மெனுவில் இருக்கும் ரீசெட்டைத் தட்டினால் அதுவரை சேர்த்த சுருக்கங்களும் சேர்ந்தே போகும். பேக்கப் எடுக்கவா என்று அது கேட்கத்தான் செய்கிறது. அவசரத்தில் இருப்பவர் அதைப் படிப்பதில்லை.

நிஜமாகவே போய்விட்டால், அல்லது புதுப் பதிப்பு வந்தால், பிஜிபி இருக்கும் ஃபோல்டரைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் அதை ஒளித்து வைத்திருக்கும். மேனேஜ் டேபில் எடிட் ஏலியாசஸ் கொடுத்தால் அந்த ஃபைலே திறக்கும். பழைய ஃபைலை முழுதாகத் தூக்கி அதன் மேல் போடக் கூடாது; புதுப் பதிப்பில் புதிதாக வந்த சுருக்கங்கள் அழிந்துவிடும். அடியில் இருக்கும் நம் பகுதியை மட்டும் ஒட்டி ரீஇனிட் கொடுத்தால் வேலை முடிந்தது. ப்ரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவையும் இதே வடிவ வரிகளைப் படிக்கும் என்பதால், ஆபீஸ் வேறு மென்பொருளுக்கு மாறினாலும் நம் பகுதி கூடவே வரும்.

சி, சிசி, ஏ, வி, ஆர், எக்ஸ், எக்ஸ்எக்ஸ் என்று என் பகுதியில் ஏழு வரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் அரைப்புள்ளி போட்டுக் காரணத்தை எழுதியிருக்கிறேன். பென் டிரைவ் இல்லாமல் சைட் ஆபீஸ் மெஷினில் உட்கார நேர்ந்தாலும், மனப்பாடமாகத் தட்டி முடித்துவிடலாம். பட்டியல் அந்த அளவைத் தாண்டினால் அது என் மெஷினுக்கு மட்டுமான பழக்கமாகிவிடும். அடுத்தவர் மெஷினில் கை தடுமாறும். எட்டாவது வரிக்கு ஆசை வரும்போது, இருக்கிற ஏழில் எதைத் தூக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பேன்.