கோடும் கோணலும்

கோடு என்றால் நேராக இருப்பது என்றுதான் பள்ளியில் படித்தோம். பழந்தமிழில் அச்சொல்லுக்குக் கிடைக்கும் பொருள்களோ வேறு: யானையின் தந்தம், மாட்டின் கொம்பு, மரக்கிளை, மலையுச்சி, ஏரிக்கரை. இவற்றுள் ஒன்றாவது அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்குமா? கோடுதல் என்றால் வளைதல். மனம் ஒருபக்கம் சாய்வதற்கும் அதுவே பெயர். அதனால்தான் நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் கோடாமையைப் பேசுகிறார். வளைவைக் குறித்த சொல் எப்படியோ நேராகிவிட்டது. கணக்குப் புத்தகம் அதை முழுதும் நம்பாமல் முன்னால் ஒரு 'நேர்' சேர்த்து 'நேர்கோடு' என்று எழுதுவதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நாங்கள் மூவரும் பள்ளிப்பட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். எங்களுக்கு இந்தச் சொல்லாராய்ச்சியில் தனி அக்கறை உண்டு. எங்கள் ஊரே ஒரு கோட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கோடு நேராகவும் இல்லை. இருந்த இடத்தில் இருக்கவும் இல்லை. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு நாங்களும் அங்கே போனோம் (நாங்கள் என்றால் எங்கள் பாட்டன்மார்). ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் சமரசம், 1959-ஆம் ஆண்டுச் சட்டம் என்று வரிசையாக நடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுத் துணை வட்டமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பதிலுக்குச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின.

வடிவக்கணிதத்தில் இடப்பெயர்வு என்று ஒன்று உண்டு. ஓர் உருவத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே தொலைவு நகரவேண்டும். உருவமும் அளவும் மாறக்கூடாது. எங்கள் எல்லையில் நடந்தது இதற்குத் தலைகீழ். புள்ளிகள் எல்லாம் வீடும் வயலுமாக இருந்த இடத்திலேயே இருந்தன. கோடு மட்டும் பெயர்ந்தது.

பெயர்ந்த கோட்டுக்கு அந்தப்பக்கம் நகரியில் எங்கள் உறவினர் இருந்தார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. எங்களில் ஒருவரின் சிற்றப்பா பிள்ளைகள் அங்கே தெலுங்கு வழியில் படித்தார்கள். கோடை விடுமுறையில் வரும்போது கணக்கு நோட்டையும் எடுத்து வருவார்கள். எங்களுக்குச் செங்கோணம் என்றால் அவர்களுக்கு லம்பகோணம். எங்கள் இணைகோடுகள் அவர்களுக்குச் சமாந்தர ரேகலு. படத்தை மட்டும் பார்த்தால் எது யாருடைய நோட்டு என்று தெரியாது. சொற்களுக்காக மட்டும் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். பல ஆண்டுகள் கழித்து இலங்கைப் பாடநூல் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. அங்கே தமிழிலேயே 'சமாந்தரக் கோடுகள்' என்று அச்சாகியிருந்தது! நகரித் தம்பியிடம் இதை உடனே சொல்லவில்லை. அதே இலங்கையில் குறுங்கோணத்தைக் கூர்ங்கோணம் என்கிறார்கள். எங்கள் மூவரின் ஓட்டும் கூர்ங்கோணத்துக்கே. குத்தினால் வலிக்கும் முனைக்குக் 'குறுமை' என்ன பொருத்தம்?

செங்கோணம் என்ற சொல்லில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. இதில் இருப்பது சிவப்பு அன்று. செம்மை, அதாவது வளையாமை. செங்கோலில் இருக்கும் அதே 'செம்'. குறளில் 55-ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை: ஒன்று நிமிர்ந்த கோல், மற்றது வளைந்த கோல். அரசனை அளந்த சொல்லைக் கொண்டு 90 பாகையை அளக்கிறோம் என்பது ஆசிரியர் சொல்லித்தராமல் நாங்களாகக் கண்டெடுத்தது.

நிற்க. எங்களுக்கு மிகவும் பிடித்த கணிதச் சொல் ஒன்றுவிட்ட கோணங்கள். இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால், உட்புறத்தில், குறுக்குவெட்டிக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக எதிர்மூலைகளில் அமையும் கோணங்கள் அவை. இரண்டும் சமம். அதே 'ஒன்றுவிட்ட' என்ற சொல்லைத்தான் சிற்றப்பன் மகனுக்கும் பெரியப்பன் மகனுக்கும் வீட்டில் வழங்கினோம். ஒன்றுவிட்ட தம்பி நகரியில், ஒன்றுவிட்ட அண்ணன் பள்ளிப்பட்டில், நடுவே ஒரு சோதனைச்சாவடி. இந்தத் தேற்றத்துக்கு எங்களுக்கு நிரூபணம் தேவைப்படவில்லை. இச்சொல்லை ஆக்கியவர் உறவுமுறையை நினைத்துத்தான் ஆக்கினாரா, அல்லது ஒன்றை விட்டு அடுத்தது என்ற வெறும் எண்ணிக்கையா? எப்படியிருந்தாலும் அகராதிக் குழுவின் அறையில் மட்டும் பிறந்த சொல்லாக அது ஒலிப்பதில்லை.

பாடநூலுக்கு வெளியே, எங்கள் தெருக்களில் வடிவக்கணிதம் நாள்முழுதும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறிகள். பாவு நூல்கள் இணைகோடுகள். ஊடை அவற்றைச் செங்குத்தாகக் குறுக்கிடும். ஊடை சற்றே சாய்ந்தாலும் லுங்கியின் கட்டம் சதுரமாக இராது, சாய்சதுரமாக இழுத்துக்கொள்ளும். அந்தத் துணியை வாங்குபவர் முகத்தைச் சுளிப்பார். ஒரே கட்டம் துணி நெடுகத் திரும்பத் திரும்ப வருவதே இடப்பெயர்வு. கொத்தனாரின் மூலைமட்டமும் அப்படித்தான். சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று நூல் பிடித்து ஒருபுறம் 3 அடி, மறுபுறம் 4 அடி குறிப்பார். குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. பித்தாகரசின் பெயரை அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவர் கையிலிருந்த மூலைமட்டத்தின் பெயரையே பாடநூல்காரர்கள் எங்கள் பெட்டிக்குள்ளிருந்த கருவிக்கும் வைத்தார்கள். அதைச் செய்தவர்களுக்கு ஒரு வணக்கம்.

2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியபோது, எங்கள் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் கவலை இருந்தது. அது வீண் கவலை என்று நாங்கள் சொல்லமாட்டோம். தாய்மொழியில் கோணம் கற்ற பிள்ளையின் இழப்பு என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஆனால் 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தபின், லம்பகோணமா செங்கோணமா என்ற பழைய வழக்கே தள்ளுபடி ஆகிவிட்டது. இன்று நகரியிலும் பள்ளிப்பட்டிலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது 'ரைட் ஆங்கிள்'. ஒருவரோடொருவர் சண்டையில்லாமல் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். இதில் நல்லது எதுவுமில்லை என்று சாதிக்க எங்களுக்கு மனமில்லை.

போன கோடையில் எங்களில் ஒருவரின் அக்காள் மகனிடம் 'ஒன்றுவிட்ட' என்றால் என்னவென்று கேட்டோம். கோணமாகவும் அவனுக்குத் தெரியவில்லை, உறவாகவும் தெரியவில்லை. நகரியிலிருந்து வந்திருந்த பையனைக் காட்டி, இவன் உனக்கு யார் என்றோம். "கசின்" என்றான். சரியென்று அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, மூலைமட்டத்தை வெளியே எடுத்து, இதற்குப் பெயராவது தெரியுமா என்று கேட்டோம்.

"செட் ஸ்கொயர், மாமா. ஆனா அது எதுக்குன்னு தெரியாது. மிஸ் அதை எடுக்கவே சொன்னதில்ல."