எச்சில் மூச்சு

எங்கள் வீடு திருப்புலிவனத்துச் சேரியில். எங்க ஆயா அந்தக் காலத்தில் டீக்கடைக்குப் போனால் வாசலில் நின்று தனிக் கிளாஸில் குடித்துவிட்டு, அதைக் கழுவியும் வைத்துவிட்டு வரும். "நம்ம வாய் பட்டா எச்சி. அவுங்க துன்ன எச்சி எலைய மட்டும் நாம எடுக்கணும்" என்று சொல்லும்.

முதலுதவி கற்கப் போன இடத்தில் எனக்கு இந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. மூச்சு நின்றவனை மல்லாக்கப் படுக்க வை, தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கு, மூக்கைப் பிடி, அவன் வாயை உன் வாயால் மூடி நெஞ்சு எழும்புகிற வரை ஊது என்றார்கள். "யாரு என்னான்னு தெரியாம எப்பிடி சார் வாய வைக்கிறது?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் நோய்க்கு மட்டும் பயந்து கேட்கவில்லை என்பது சிரித்தவர்களுக்கும் தெரியும்.

ஜேம்ஸ் எலாம், பீட்டர் சஃபார் என்ற மருத்துவர்கள் 1950களில் ஒன்றை நிரூபித்தார்கள். காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம். நாம் வெளியே விடும் மூச்சில் சுமார் 16 மிச்சமிருக்கிறது. ஓர் உயிரைப் பிடித்து வைக்க அது போதும். அதாவது, ஒருவர் கழித்த எச்சில் மூச்சு இன்னொருவருக்கு உயிர்.

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவி நோயாளிகளால் மூச்சுவிட முடியாமல் போனது. சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இராப்பகலாக ரப்பர் பையைக் கையால் அமுக்கி, முன்பின் தெரியாதவர்களுக்கு மூச்சுக் கொடுத்தார்கள்.

இங்கே என்ன நடக்கிறது? செப்டிக் டேங்கில் யாரை இறக்குகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அழுகிய முட்டையாக நாறும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் தெரியாது. ஒன்றிரண்டு இழுப்பில் ஆள் சாய்ந்துவிடுவான். தூக்கக் குதிப்பவனும் அவன் அண்ணன் தம்பி, கூட வேலை செய்கிறவன்தான். அதனால்தான் சாவு இரண்டு மூன்றாக வருகிறது. 2022 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் அருகே விடுதி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் 3 பேர் செத்தார்கள்.

குழிக்குள் யாரும் யாருக்கும் ஊத முடியாது. வெளியே தூக்கிப் போட்ட பிறகும் வாயோடு வாய் வைத்தால் அந்த விஷக்காற்று ஊதுகிறவனையும் தாக்கலாம். முகமூடியோடு கூடிய பைதான் வேண்டும். அந்தப் பையை எந்தக் குழிமேட்டில் வைத்திருக்கிறார்கள்?

1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்சநீதிமன்றம் 2014இல். 2023இல் 30 லட்சம் என்றது. விலை ஏறியிருக்கிறது, இறங்குகிற ஆள் மாறவில்லை.

செயற்கை மூச்சை எல்லாச் சேரிப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும், ஊர்ப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் குழிக்கு மருந்து அதுவல்ல. குழியில் எந்திரம் இறங்கட்டும். ஆளை இறக்குகிறவன் ஜெயிலுக்குப் போகட்டும்.