மனத்தோணியும் ஒற்றியூர்க் கடலும்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, இராயபுரம், காசிமேடு என்று கடலை ஒட்டியே செல்லும் சாலையின் வழியில் அமைந்துள்ளது திருவொற்றியூர். ஒருபுறம் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகளின் நெடிய வரிசை. மறுபுறம் கருங்கற் குவியல்களில் வந்து மோதும் அலைகள். இந்த இரைச்சலுக்கு நடுவே, மூவர் பாடல் பெற்ற தொன்மையான திருத்தலத்தில், ஆதிபுரீசுவரரும் தியாகராஜப் பெருமானும் வடிவுடை நாயகியும் அருளாட்சி புரிந்து வருகின்றனர்.

இத்தலத்தின் பெயரிலேயே கடல் இருக்கிறது. ஊழிக்காலத்தில் பெருவெள்ளம் உலகைச் சூழ்ந்தபோது, பிரமன் வேண்ட, இறைவன் அவ்வெள்ளத்தை ஒற்றி, அதாவது விலகச் செய்து, இங்கே எழுந்தருளினான் என்று தலபுராணம் கூறும். புற்று வடிவினனாகிய மூலவர் ஆண்டு முழுவதும் கவசத்தினுள் மறைந்திருப்பார். கார்த்திகை மாதப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் களையப்பெற்று, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்பெறும். அந்நாட்களில் இறைவனைக் கவசமின்றிக் காண அன்பர்கள் வெள்ளமெனத் திரள்வர்.

கடல் கடந்து கடாரம் வரை கப்பற்படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில்தான் இக்கோயிலின் விமானம் கருங்கல்லால் எடுப்பிக்கப்பெற்றது. கலம் செலுத்தியோரின் அரசன், கடற்கரைப் பெருமானுக்குக் கற்றளி அமைத்தது பொருத்தமே அன்றோ!

திருநாவுக்கரசர் பெருமான் இத்தலத்திற்கு அருளிய பதிகங்களுள் ஒன்று நான்காம் திருமுறையில் உள்ளது. கடலோர ஊருக்கு வந்த அப்பர், படகையே உவமையாகக் கொண்டார். மனம் ஒரு தோணி. அறிவு அதை உந்தும் கோல். சினம் அதில் ஏற்றிய சரக்கு. இந்தத் தோணி பிறவிக் கடலில் செல்லும்போது காமம் என்னும் பாறையில் மோதிக் கவிழும். அவ்வேளையில் அறிவு செயலற்றுப் போகும். அப்போதும் உன்னை நினைக்கும் உணர்வை எனக்குத் தந்தருள வேண்டும் என்று ஒற்றியூர் உடையானிடம் விண்ணப்பிக்கிறார்.

இவ்வுவமையின் நுட்பத்தைப் படகு வலிப்போர் எளிதில் உணர்வர். கோல் என்பது தரையில் ஊன்றித் தள்ளுவதற்கு உரியது. எண்ணூர்க் கழிமுகம் போன்ற ஆழமற்ற நீரில் அது நன்றாகவே உதவும். ஆழ்கடலில் அதற்குத் தரை எட்டாது. நம் அறிவும் அத்தகையதே. அன்றாட வாழ்வின் மேலோட்டமான நீரில் அது நம்மை நடத்திச் செல்லும். நோய், மூப்பு, பிரிவு என்னும் ஆழங்களில் அது எட்டுவதில்லை. கோல் எட்டாத இடத்தில் திருவருளே துணை. முதுமையில் இப்பதிகத்தை ஓதுவோர்க்கு இப்பொருள் மேலும் தெளிவாக விளங்கும்.

திருவொற்றியூர்க் குப்பத்திலும், வடக்கே எண்ணூர் வரையுள்ள மற்றக் குப்பங்களிலும் வாழும் மீனவக் குடும்பங்களுக்குப் படகு உவமை அன்று, வாழ்வே அது. முற்காலத்தில் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரம் செய்து கடலேறினர். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவர். அத்தமிழ்ச் சொல்லே கடல் கடந்து ஆங்கிலத்திலும் இடம்பெற்றது. இப்போது கட்டுமரத்தின் இடத்தைப் பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. ஆயினும் முறைகள் மாறவில்லை. தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே படகில் செல்வர். கரையில் காத்திருக்கும் பெண்கள் மீனை ஏலத்திற்கும் சந்தைக்கும் கொண்டு செல்வர். வருவாயைப் பிரிக்கும்போது ஆட்களுக்குப் போலவே படகுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. படகு குடும்பத்தில் ஒருவர்! அதனால்தான் புதுப் படகின் முகப்பிற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, தேங்காய் உடைத்து, தெய்வத்தின் பெயரைச் சூட்டிக் கடலில் இறக்குகின்றனர்.

இத்தொழிலின் பெருமையை அறுபத்துமூவர் வரலாறும் போற்றுகிறது. நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், நாள்தோறும் வலையில் அகப்பட்ட மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு நாள் ஒரே ஒரு மீன் கிடைத்தாலும் அதையே விடுவார். வறுமை முற்றிய காலத்தில் பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்று மட்டும் கிடைத்தது, அதையும் விட்டார். படகும் வலையும் தமதாயினும், கிடைப்பது இறைவனுடையது என்பதே அவர் கொள்கை.

மரக்கலம் பல உடைய பெருவணிகராயிருந்து அவை அனைத்தையும் துறந்தவரும் இவ்வூர்க் கரையிலேயே அடங்கியுள்ளார். அவரே பட்டினத்து அடிகள். காவிரிப்பூம்பட்டினத்தில் வளர்ப்பு மகன் மருதவாணர் கலமேறிச் சென்று திரும்பியபோது, கொண்டுவந்தவை எருமுட்டையும் தவிடுமாகவே தோன்றின. தந்தை சினந்தார். பின்னர் காதற்ற ஊசியைச் சான்றாக வைத்து மகன் உணர்த்திய உண்மை, கலங்களையும் களஞ்சியங்களையும் ஒரு கணத்தில் பொருளற்றவை ஆக்கிற்று. இறைவன் அளித்த கரும்பு எவ்விடத்தில் இனிக்கிறதோ அங்கே முத்தி என்ற அடையாளத்துடன் தலந்தோறும் அலைந்தவர்க்கு, திருவொற்றியூரில் அது இனித்தது. கரையில் விளையாடிய சிறுவர்களுடன் மணலில் மறைந்து விளையாடுவார் போல் இருந்து, இலிங்க வடிவானார் என்பர். அவர் திருக்கோயில் கடலை நோக்கி அமைதியாக இருக்கிறது. ஆடி மாதம் உத்திராட நாளில் அங்கே குருபூசை நடைபெறும்.

மாசிப் பெருவிழாவில் மகிழடியில் சுந்தரருக்கும் சங்கிலி நாச்சியாருக்கும் நிகழ்ந்த திருமணமும், மகிழ மரத்தின் கீழ் அளித்த உறுதிமொழியும் நினைவுகூரப்படும். மாசி மகத்தன்று உற்சவமூர்த்தி தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். ஆண்டு முழுவதும் கடலுக்குச் செல்லும் மக்களிடம், அன்று கோயிலே கடலுக்கு வருகிறது.

ஆனால் அக்கரைக்கு இன்று ஒரு கவலை உண்டு. 1875இல் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் நீண்ட அதன் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை தேய்ந்தது. வீடுகளையும் சாலையையும் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். கற்கள் ஊரைக் காத்தன. ஆனால் படகை ஏற்றி நிறுத்தவும் வலையை உலர்த்தவும் வேண்டிய மணல் பல இடங்களில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின. மீனவக் குடும்பங்கள் பிழைப்பின்றித் தவித்தன. கடலையே விலகச் செய்தவன் ஊரில், கடலை நம்பியவர்க்குக் கரை குறைந்து வருவது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. தீர்த்தமாடும் கடலைத் தூய்மையாக வைத்திருப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

இத்தலத்தை நாடுவோர் இப்போது எளிதில் வரலாம். விம்கோ நகர் வரை செல்லும் மெட்ரோ ரயிலில் ஏறி, திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் அருகிலேயே உள்ளது. நிலையத்தில் மின்தூக்கி இருப்பதால் முதியோர் படியேறி வருந்த வேண்டியதில்லை. காலையிலேயே வந்து ஆதிபுரீசுவரரையும் தியாகராஜரையும் வடிவுடை அன்னையையும் தொழுது, பின்னர் பட்டினத்தார் திருக்கோயிலுக்குச் செல்வது நன்று. அடிகளின் சந்நிதி முன் சற்றே அமர்ந்தால், அலையோசை செவியில் விழும். கடலில் சிறு படகுகள் கரை நோக்கி வருவதைக் காணலாம்.

அப்படகுகளில் இருப்போர் நலமுடன் கரை சேர ஒரு முறை வேண்டிக்கொள்வோம். நம் மனத்தோணியும் சினமாகிய சுமையை இறக்கி வைத்து, பாறை தவிர்த்து, ஒற்றியூர் உடையான் திருவடியாகிய கரையைச் சேர அவனருளை நாடுவோம். கோல் எட்டாத ஆழத்திலும் அவன் கை எட்டும்.

திருச்சிற்றம்பலம்.